ரத்தநாளத்தைச் சூட்டால் மூடும் கருவி: ஆறும் நேரத்தை வடிவமைப்பது

அறுவை சிகிச்சையில் திசுவை வெட்டவும், வெட்டிய இடத்து ரத்தக் கசிவை அடைக்கவும் பயன்படும் சூட்டுக் கருவியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது எத்தனை டிகிரிக்குச் சூடாகும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் சிறிய பட்டறையைப் பார்க்க வரும் பொறியியல் மாணவர்களும் அதையே கேட்கிறார்கள். இந்தக் கருவியின் அலகை, அதாவது நாளத்தைக் கவ்விப் பிடிக்கும் முனையை, சில ஆண்டுகளாக வடிவமைத்து வரும் எனக்கு, அந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது என்று உறுதியாகப் படுகிறது. சுவிட்சை விட்ட பிறகு அலகு எவ்வளவு நேரத்தில் ஆறும், அதற்குள் எவ்வளவு தூரம் பக்கத்துத் திசுவுக்குள் சூடு பரவியிருக்கும் என்பதே முதல் கேள்வி. சூடேற்றுவதற்கு ஒரு நிக்ரோம் கம்பியும் பேட்டரியும் போதும். ஆற வைப்பதற்குத்தான் பொருளறிவும் கணக்கும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

சூடு பட்டால் திசுவுக்கு என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு நிமிடக் கணக்கில் நீடித்தால் செல்கள் மீள முடியாமல் சேதமடைகின்றன. 60 டிகிரியை எட்டினால் புரதங்கள் அநேகமாக உடனே உறைந்து, திசு வெளுத்துப் போகிறது. ரத்தநாளச் சுவருக்கு வலுவைத் தரும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரிக்குள் தன் முறுக்கு அவிழ்ந்து சுருங்கத் தொடங்குகிறது. அப்படி அவிழ்ந்திருக்கும்போது நாளத்தின் எதிரெதிர்ச் சுவர்களை இறுக்கிப் பிடித்து, பிடியைத் தளர்த்தாமலே ஆறவிட்டால், அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சுவர்கள் இரண்டும் ஒரே தகடு போலாகின்றன. இங்கே நாளத்தை அடைப்பது உறைந்த ரத்தக்கட்டி அன்று, ஒட்டிக்கொண்ட சுவர்களே. 100 டிகிரியில் திசுவிலுள்ள நீர் கொதிக்கிறது. நீர் போய்விட்டால் வெப்பநிலை தடையின்றி ஏறி, 200 டிகிரிக்கு மேல் திசு கரியாகிறது. கரி பார்ப்பதற்கு அடைப்பைப் போலத் தோன்றினாலும், அது உதிரக்கூடியது; உதிர்ந்தால் கீழே இருக்கும் நாளம் மீண்டும் திறந்துகொள்ளலாம்.

புண்ணைச் சுடுவது மிகப் பழைய மருத்துவம். சித்த மருத்துவத்தின் புற சிகிச்சைகளில் சூடு வைக்கும் சுட்டிகை ஒன்று. பண்டைய அறுவை மருத்துவர் சுசுருதரின் மரபிலும் நெருப்பால் சுடும் அக்கினி கருமம் தனி இடம் பெற்றிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ராஸ் பாரே, கை கால்களை வெட்டியெடுக்கும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதைக் கைவிட்டு, நாளத்தை நூலால் கட்டும் முறையை வலியுறுத்தினார். 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டன் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய உயர் அதிர்வெண் மின் கருவியை அறுவை அரங்கில் பயன்படுத்தினார். இன்று ஏறக்குறைய எல்லா ஆபரேஷன் தியேட்டர்களிலும் இருக்கும் மின் காட்டரி அந்த வழியில் வந்ததுதான். அதில் கருவியின் முனையைச் சூடேற்றுவதில்லை. பல லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாறும் மின்னோட்டம் திசுவுக்குள் பாயும்போது, திசுவின் மின்தடையே வெப்பத்தை உண்டாக்குகிறது. 1990களின் இறுதியில் வந்த, 7 மி.மீ. விட்டம் வரையுள்ள நாளங்களை மூடக்கூடிய, மின்னோட்டம் இரு அலகுகளுக்கு இடையே மட்டும் பாயும் இருமுனைக் கருவிகளும் இந்தத் தத்துவத்தில் இயங்குபவையே. அல்ட்ராசோனிக் கத்தி வேறு வகை. அதன் உலோக முனை வினாடிக்கு ஏறத்தாழ 55,000 முறை அதிர்ந்து, உராய்வால் சூட்டை உண்டாக்குகிறது.

நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது நேரடிச் சூட்டை. அலகுக்குள் பதித்த சிறிய ஹீட்டர் தானே சூடாகி, தொடும் திசுவுக்கு வெப்பத்தைக் கடத்துகிறது. நோயாளியின் உடலுக்குள் மின்னோட்டம் பாய்வதில்லை. ஆகையால் தொடையிலோ முதுகிலோ, மின்னோட்டம் உடலிலிருந்து திரும்பிச் செல்வதற்கான பேஷன்ட் பிளேட் ஒட்ட வேண்டியதில்லை, அந்தப் பிளேட் சரியாக ஒட்டாமல் தோல் வெந்துபோகும் அபாயமும் இல்லை, பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு மின் குறுக்கீடும் இல்லை. சிறு துளை வழியே செய்யும் அறுவையான லேப்பராஸ்கோப்பியின் கருவி உறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்பட்டு, அதன் வழியே மின்சாரம் குடலில் பாயும் ஆபத்தும் விலகுகிறது. மின் காட்டரிப் பெட்டிகளின் உச்சத் திறன் 300 வாட் வரை போகிறது. நேரடிச் சூட்டுக்கு 30, 40 வாட் போதும் என்பதால் பேட்டரியிலேயே ஓட்டலாம். உசிலம்பட்டி, மேலூர் போன்ற தாலுகா ஊர்களில் இயங்கும் சிறிய மருத்துவமனைகளை மனத்தில் வைத்து யோசித்தால், இந்த வேறுபாடு பெரியது.

மதுரைக்கு இத்தகைய வேலை அந்நியமானதன்று. கண் அறுவையில், வெள்ளை விழியின் மேற்பரப்பில் கசியும் நுண்ணிய நாளங்களை அடைக்க, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டிய குமிழ் முனைக் காட்டரியை மருத்துவர்கள் நெடுங்காலம் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கப்பட்ட ஊர் இது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாக இங்கேயே செய்ய முடியும் என்று 1992இல் தொடங்கிய லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் காட்டிய ஊரும் இதுதான். லென்ஸால் முடிந்தது மற்றக் கருவிகளாலும் முடியும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் பட்டறை இயங்குகிறது.

இனி கணக்குக்கு வருகிறேன். எங்கள் அலகின் மூடும் பரப்பு 20 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் கொண்டது. அதற்குள் பிடிபடும் திசு 1 மி.மீ. கனம் இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 80 மில்லிகிராம். அதை 37 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 20 ஜூலுக்கும் குறைவான வெப்பமே வேண்டும். அந்தத் திசுவில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் நீர். அதில் பாதியை ஆவியாக்க, கிராமுக்கு 2,257 ஜூல் என்ற கணக்கில் மேலும் 68 ஜூல் தேவை. ஆக மொத்தம் 90 ஜூலுக்குள் வேலை முடிந்துவிடும். 30 வாட் திறன் முழுவதும் திசுவுக்கே போய்ச் சேர்ந்தால் மூன்று வினாடி.

ஆனால் முழுவதும் திசுவுக்குப் போவதில்லை. அலகை 2 கிராம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து 200 டிகிரிக்கு ஏற்றினால், அந்த எஃகு மட்டுமே 160 ஜூலுக்கு மேல் விழுங்கிக்கொள்கிறது. திசுவுக்குத் தேவைப்பட்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம் உலோகத்தில் தங்கிவிடுகிறது என்பது இதன் பொருள். சுவிட்சை விட்டபின் அந்த வெப்பம் எங்கே போகும்? ஒரு பகுதி அப்போதுதான் மூடிய நாளத்துக்குள்ளேயே போய், தேவையில்லாமல் அதைக் கரித்துவிடும். இன்னொரு பகுதி, மருத்துவர் அடுத்து எதைத் தொடுகிறாரோ அதற்குப் போகும். அறுவை செய்பவர் நாளத்தை வெட்டிய அதே முனையால் அடுத்த கணமே சவ்வை விலக்குவதும் குடலை ஒதுக்குவதும் வழக்கம். குடல் சுவரில் பட்ட சூடு அப்போது கண்ணில் படாமல் போய், சில நாள் கழித்து ஓட்டையாக வெளிப்படக்கூடும். அல்ட்ராசோனிக் கத்தியிலும் இதே சிக்கல் உண்டு: தொடர்ந்து இயக்கிய பிறகு அதன் முனை 200 டிகிரியைத் தாண்டியிருப்பதும், ஆறுவதற்குப் பல வினாடிகள் பிடிப்பதும் அறியப்பட்டவை.

ஆகவே சூடாகும் பகுதியின் எடையைக் குறைப்பதுதான் எங்கள் முதல் வேலையாக இருந்தது. இப்போதைய வடிவத்தில், திசுவைத் தொடும் சூட்டுத் தகடு 0.2 கிராம் அளவே. அதே 200 டிகிரியில் அது தாங்கி நிற்கும் வெப்பம் 16 ஜூல். திசுவைத் தொட்டவுடனே அது செலவாகிவிடும். அதன் பின்புறம் சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகை. அதன் வெப்பக் கடத்துதிறன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுடையதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கும் பின்னால் மெல்லிய காற்று இடைவெளி, கடைசியில் எஃகு உடல். ஒரு முறை இயக்கினால் இந்த அடுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. கருப்பை நீக்கம் போன்ற அறுவையில் மருத்துவர் விடாமல் அடுத்தடுத்து இயக்கும்போதுதான் பீங்கான் மெல்ல மெல்லச் சூட்டை உள்வாங்கி, அலகின் முதுகுப் பக்கமும் சூடேறத் தொடங்குகிறது. எந்த அளவீட்டையும் ஒற்றை இயக்கத்தில் எடுத்து நிறுத்திவிடக் கூடாது, இடைவிடாத தொடர் இயக்கத்துக்குப் பின் அலகின் முதுகைத்தான் அளக்க வேண்டும் என்பதை நான் இப்போது எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். சூட்டைத் தருவதற்கென்று அமையாத பகுதி உடலை 10 நிமிடமோ அதற்கு மேலோ தொட்டிருந்தால் 43 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று ஐ.இ.சி. 60601-1 என்னும் பாதுகாப்புத் தரநிலை சொல்கிறது. கருவியின் நீண்ட தண்டை நாங்கள் அந்த எல்லைக்குள்ளேயே வைக்கிறோம்.

நேரத்தைப் பற்றி இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மென்திசுவில் வெப்பம் பரவும் வேகத்தைக் குறிக்கும் எண் வினாடிக்கு 0.14 சதுர மி.மீ. அளவு. அதை வைத்துப் பார்த்தால், அலகைத் தாண்டி வெப்பம் பரவும் தூரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ முக்கால் மி.மீ., நான்கு வினாடியில் ஒன்றரை மி.மீ., ஒன்பது வினாடியில் இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல். பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், அதைப் பாதியாக்க வேண்டுமானால் நேரத்தைக் கால்பங்காக்க வேண்டும். தைராய்டு அறுவையில் குரலை இயக்கும் நரம்பு, மூட வேண்டிய நாளத்துக்குச் சில மி.மீ. தூரத்திலேயே ஓடுகிறது. கருப்பை அறுவையில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் கருப்பைத் தமனிக்கு அடியில் குறுக்காகச் செல்கிறது. இத்தகைய இடங்களில் மில்லிமீட்டரின் பின்னங்களே ஒருவருடைய குரலையும் சிறுநீரகத்தையும் தீர்மானிக்கின்றன. குறைந்த சூட்டில் நிதானமாக மூடுவது பாதுகாப்பானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நிதானம் என்பது இங்கே பரவலுக்குத் தரும் அவகாசம். அளவாகச் சூடேற்றி, விரைவாக முடித்து, உடனே ஆறவிடுவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

கடத்தல் மட்டுமன்றி நீராவியும் சூட்டை வெளியே கொண்டுபோகிறது. இறுக்கிய அலகுக்குள் கொதிக்கும் நீர் பக்கவாட்டில் பீய்ச்சியடித்தால், அலகு தொடாத இடமும் வெந்துவிடும். அதனால் மூடும் பரப்பின் ஓரத்தில் நுண்ணிய வாய்க்கால்களை வெட்டி, ஆவியை முனையை நோக்கி, மருத்துவரின் கண்ணுக்குத் தெரியும் திசையில் திருப்பிவிட்டிருக்கிறோம். இந்த வாய்க்கால்களை, மின்பொறியால் உலோகத்தை வெட்டும் வயர்கட் மெஷினில் எடுப்பது எளிது, கழுவுவது கடினம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அழுத்தம் இல்லாமல் சூடு மட்டும் நாளத்தை மூடாது. இருமுனைக் கருவிகளுக்கான காப்புரிமை ஆவணங்கள் சதுர செ.மீ.க்கு 3 முதல் 16 கிலோ வரையிலான அழுத்தத்தைக் குறிப்பிடுகின்றன. எங்கள் பரப்பு 0.8 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 5 கிலோ என்று வைத்தால் அலகில் 4 கிலோ விசை வேண்டும். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் லேப்பராஸ்கோப்பிக்கான தண்டின் விட்டம் 5 மி.மீ. மட்டுமே. அதற்குள் அலகை இழுக்கும் கம்பிக்குக் கிடைக்கும் நெம்புகை 2 மி.மீ.; அலகின் நடுப்புள்ளியோ, அலகு திறந்து மூடும் அச்சாகிய சுழல் ஊசியிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கிறது. எனவே கம்பி ஆறு மடங்கு, அதாவது 24 கிலோ விசையைச் சுமக்கிறது. அதே தண்டுக்குள் ஹீட்டரின் மின்கம்பிகளும் வெப்பநிலையை அளக்கும் உணரியின் கம்பிகளும் ஓட வேண்டும். ஒரு மி.மீ. அளவுள்ள சுழல் ஊசி இந்த விசையில் வளைந்தால் அலகுகள் இணையாக மூடாமல், அடியில் இறுக்கமாகவும் முனையில் தளர்வாகவும் பிடிக்கும். முனையில் அரைகுறையாக மூடப்பட்ட நாளம்தான் வார்டுக்குப் போனபின் கசியும் நாளம். இந்த விசையைக் கை தர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே கருப்பை அறுவைகளைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண் மருத்துவர்கள். சந்தையில் கிடைக்கும் பல கைப்பிடிகள் பெரிய கைகளுக்காகச் செய்யப்பட்டவை. பிடியின் அகலத்தைக் குறைத்து, நாளத்தைக் கவ்வும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் உள்ளது போன்ற பூட்டுப் பற்களை வைத்திருக்கிறோம். பூட்டியபின் கை தளர்ந்தாலும் அழுத்தம் தளராது.

அந்தப் பூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொலாஜன் ஒட்டுவது சூட்டில் அன்று, சூட்டுக்குப் பின் ஆறும்போது. சூடாக இருக்கும்போதே அலகைத் திறந்தால் சுவர்கள் பிரிந்துவிடலாம். ஆகவே, எங்கள் கருவியில், அலகைத் திறக்கலாம் என்று அறிவிக்கும் ஒலி ஹீட்டர் நின்றவுடன் எழுவதில்லை. அலகு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே எழுகிறது. இந்தக் கூடுதல் காத்திருப்பு ஓரிரு வினாடிதான். சூட்டுத் தகட்டின் எடையைக் குறைத்ததன் பலன் இங்கேயும் கிடைக்கிறது. கனத்த அலகாக இருந்தால் எந்த மருத்துவரும் இந்த ஒலிக்காகக் காத்திருக்க மாட்டார்.

ஆறியதை அறிய வெப்பநிலையை அளக்க வேண்டும். நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டுக்கேற்ப மிகச் சொற்பமாகவே மாறுவதால், ஹீட்டரையே உணரியாகக் கொள்ள இயலாது. பிளாட்டினத்தின் தடை டிகிரிக்கு 0.385 சதவீதம் மாறுகிறது. அதன் மெல்லிய படலத்தைப் பீங்கானின் மேல் பதித்தால் ஹீட்டரும் உணரியும் ஒன்றாகிவிடும். அந்த நிலைக்கு வரும் முன், வெப்பநிலையை அளக்கும், மயிரிழை போன்ற தெர்மோகப்பிள் கம்பியைத் தகட்டின் பின்புறம் பற்றவைத்துச் சோதித்தோம். எங்கள் மேசையில் இருந்த எந்தச் சால்டரிங் கருவியாலும் ஆகாத அந்த வேலையைத் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகை வேலை செய்யும் ஒரு பத்தர் வெள்ளிப் பொடி வைத்து ஊதி முடித்துக் கொடுத்தார். அந்தப் பற்றுகள் பல மாதச் சோதனையைத் தாங்கின.

உணரி ஒன்றுதான் என்றால் இன்னொரு சிக்கல் எழுகிறது. அலகின் பாதி நீளம் ஈரமான திசுவையும் மறுபாதி வெறுங்காற்றையும் தொட்டிருந்தால், ஈரப் பகுதி குளிர்ந்து, காற்றுப் பகுதி கொதித்து, சராசரி மட்டும் சரியாக இருக்கும். அமெரிக்காவில் ராபர்ட் ஷா 1970களில் காப்புரிமை பெற்ற சூடான கத்தி இதை எதிர்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது: கத்தியின் விளிம்பில் குளிரும் இடத்துக்கு மட்டும் கூடுதல் வெப்பம் சென்று சேரும்படி அவர் அமைத்தார். அதைவிட அழகான தீர்வு காந்தவியலில் இருக்கிறது. இரும்பும் நிக்கலும் அவற்றுக்கேயுரிய கியூரி வெப்பநிலையைத் தாண்டினால் காந்தத் தன்மையை இழக்கின்றன. இரும்புக்கு அது 770 டிகிரி, நிக்கலுக்கு ஏறத்தாழ 358 டிகிரி, உலோகக் கலவையில் விகிதத்தை மாற்றி வேண்டிய அளவில் வைக்கலாம். செம்புக் கம்பியின் மேல் இத்தகைய கலவையை மெல்லப் பூசி, மிக உயர்ந்த அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்தினால், கலவை காந்தமாக உள்ளவரை மின்னோட்டம் அதன் மெல்லிய தோலுக்குள் நெருக்கப்பட்டு வெப்பமாகிறது. கியூரி எல்லையை எட்டிய இடத்தில் மட்டும் அந்த நெருக்கடி நீங்கி, மின்னோட்டம் உள்ளே இருக்கும் செம்புக்கு இறங்கிவிட, சூடாவது தணிகிறது. ஒவ்வொரு புள்ளியும் தன் வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது, உணரியே தேவையில்லை. இந்த வழியில் அமெரிக்காவில் கருவிகள் வந்திருக்கின்றன. அதற்கு வேண்டிய உயர் அதிர்வெண் மின்சுற்று எங்கள் விலைக்குள் அடங்காததால், நாங்கள் பிளாட்டினப் படலத்தை மூன்று துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே கட்டுப்படுத்துகிறோம்.

வெட்டும் பகுதியில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. நாளத்தை மூடியபின் சூடில்லாத சிறு கத்தி ஒன்று நடுவில் ஓடி வெட்டுவது ஒரு வழி. மூடியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தபின் வெட்டலாம் என்பதால் மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள். நானும் மனத்தளவில் அதன் பக்கம்தான். ஆனால் கத்தி ஓடும் குறுகிய பள்ளத்தில் ரத்தம் காய்ந்து உறைந்தால் அதை முழுதாக எடுக்க முடியாது. ஒரு முறை பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் விலையுயர்ந்த கருவிகளைக் கழுவி, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி, மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது நம் நாட்டில் பரவலாக நடக்கிறது. நோயாளியின் பணப்பையை அறிந்த மருத்துவர்கள் வேறு வழியின்றிச் செய்வது அது. மறுபயன்பாடு எப்படியும் நடக்கும் என்றால், அதைத் தாங்கும்படி வடிவமைப்பதே பொறியாளரின் கடமை. எனவே கத்தியை விட்டுவிட்டு, அலகின் நடுவில், வயல் வரப்பைப் போல உயர்ந்து நிற்கும் மெல்லிய சூட்டு வரம்பு ஒன்றை வைத்தோம். இரு புறமும் மூடும் சூடு, நடுக்கோட்டில் மட்டும் வெட்டும் சூடு. முன்பு சொன்ன ஆவி வாய்க்கால்களையும் இதே காரணத்துக்காக, தூரிகை நுழையும் அளவுக்கு அகலமாக்கினோம்.

சோதனைக்கு ஆட்டின் கழுத்துத் தமனியைப் பயன்படுத்துகிறோம். நெல்பேட்டைப் பக்கக் கறிக்கடையில் காலையிலேயே சொல்லி வைத்தால் எடுத்து வைக்கிறார்கள். ஒரு முனையைக் கருவியால் மூடி, மறுமுனையில் உப்புநீரைச் செலுத்தி, எந்த அழுத்தத்தில் பிளக்கிறது என்று பார்க்க வேண்டும். இயல்பான மேல் ரத்த அழுத்தமாகிய 120இன் மூன்று மடங்கு, அதாவது 360 மி.மீ. பாதரசம், இத்துறையில் வழக்கமாகக் கொள்ளும் எல்லை. எண்ணைவிட, பிளந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்ப்பது அதிகம் கற்றுத்தருகிறது: ஒட்டிய தகடே பிரிந்திருந்தால் அழுத்தமோ சூடோ போதவில்லை, தகட்டின் ஓரத்தில் சுவர் கிழிந்திருந்தால் சூடு மிகுந்து சுவர் நொய்ந்துவிட்டது. ஆனாலும் உயிருள்ள நாளத்தில் ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். கறிக்கடைத் தமனியில் அது இல்லை. ஆகவே இந்தச் சோதனை, நெறிமுறை அனுமதியோடு நடக்க வேண்டிய விலங்குச் சோதனைக்கு முந்தைய படி மட்டுமே.

இன்னும் தீராதது ஒட்டும் சிக்கல். காய்ந்த திசு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டால், அலகைத் திறக்கும்போது மூடிய தகடே பிய்ந்து வருகிறது. டெஃப்லான் பூச்சு இதைத் தடுக்கிறது. ஆனால் தொடர்ந்து 260 டிகிரிக்கு மேல் அதை வைத்திருக்க முடியாது என்பதால், நடு வரம்பின் மேல் அது நெடுநாள் நிற்பதில்லை. நீராவியால் கிருமி நீக்கும் 134 டிகிரி ஆட்டோக்ளேவும், ஒவ்வொரு முறையும் தேய்க்கும் தூரிகையும் சேர்ந்து பூச்சை மெல்ல உரித்துவிடுகின்றன. அதனால் கைப்பிடியையும் தண்டையும் நீண்ட காலத்துக்கென்றும், அலகை மட்டும் கழற்றி மாற்றுவதென்றும் பிரித்திருக்கிறோம். அலகின் அடியில் உள்ள சிறு சிப் தன் இயக்கங்களை எண்ணிக்கொண்டே வரும். பூச்சு தாங்கும் என்று சோதனையில் தெரிந்த எல்லையை எட்டியதும், அந்த அலகைக் கைப்பிடி ஏற்க மறுக்கும். அறுவையின் நடுவில் அப்படி மறுத்துவிடக் கூடாது என்பதால், நடந்துகொண்டிருக்கும் அறுவை முடியும் வரை இயங்கவிட்டு, அடுத்த முறை பொருத்தும்போது மட்டும் நிறுத்தும்படி நிரலை எழுதியிருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஐ.எஸ்.ஓ. 14971 என்னும் தரநிலை கேட்கும் அபாய ஆய்வில் நாங்கள் மிக விரிவாக எழுதிக்கொண்டிருக்கும் பகுதி இதுதான்.